மூடியைச் சுற்றும் கை: உங்கள் பிள்ளை எந்தப் பொருளோடு, எப்படி விளையாடினான்?

உட்லண்ட்ஸ் அம்மா எழுதியது:

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ளவன். இரண்டு வயது நான்கு மாதத்தில் அவன் கையில் எந்நேரமும் இருந்தது ஓர் எவர்சில்வர் மூடி. பருப்பு டப்பாவின் மூடி. அதை வரவேற்பறைத் தரையில் விளிம்பில் நிறுத்தி, இரண்டு விரலால் ஒரு திருகு திருகி விடுவான். வேகம் குறையக் குறைய மூடி சாயும், தரையில் அடிக்கும், அந்த ஓசை நெருங்கி நெருங்கி வந்து சட்டென்று அடங்கும். அந்தக் கடைசி நொடிக்காகக் கன்னத்தைத் தரையில் பதித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்திருப்பான். நின்றதும் எடுத்து மறுபடியும் சுற்றுவான். ஒரு சனிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் 61 முறை.

இரண்டாவது பிறந்தநாளுக்கு உறவினர்கள் நிறைய வாங்கி வந்திருந்தார்கள். டாக்டர் பெட்டி, நறுக்கி விளையாடும் மரப் பழங்கள், பெரிய சிவப்பு லாரி. லாரியை மட்டும் எடுத்தான். அதையும் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைத்தான் சுற்றினான். "ஆண் பிள்ளைகள் அப்படித்தான், இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்றார் மாமியார். நம்பத்தான் நானும் ஆசைப்பட்டேன்.

அப்புறம் ஒருநாள் பயம் வந்துவிட்டது. வீட்டிலிருந்த எல்லா மூடிகளையும் அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். மூடி இல்லாவிட்டால் பழத்தை நறுக்கி விளையாடுவான், பொம்மைக்கு ஊசி போடுவான் என்று நினைத்தேன். இரண்டு வாரம். முதல் மூன்று நாள் அலமாரிக்குக் கீழே நின்று அழுதான். பிறகு அழவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். இயந்திரம் ஓடாத நேரத்திலும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இங்கே சிங்கப்பூரில், மருத்துவமனையில் வளர்ச்சி மதிப்பீட்டுக்கு முறை வரச் சில மாதங்கள் ஆயின. அங்கே கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: "பொருள்களோடு எப்படி விளையாடுகிறான்?" நான் சொன்ன பதில், "நன்றாக விளையாடுவான்." பொய் சொல்லவில்லை. அவன் செய்ததைச் சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை. அவ்வளவு நாள் அவனைக் கவலையோடு கவனித்தேனே தவிர, அவன் விரல் என்ன செய்கிறது, கண் எங்கே இருக்கிறது, எந்த நொடியில் சிரிக்கிறான் என்பதை ஒருநாளும் பார்க்கவில்லை.

மதியிறுக்கம் என்று உறுதியாகி, சிறு வயதிலேயே பயிற்சி தரும் தலையீட்டு மையத்தில் இடம் கிடைத்தபோது, முதல் நாளே அவனுக்குப் பிடித்த பொருளை எடுத்து வரச் சொன்னார்கள். வெட்கமாக இருந்தது. மூடியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனேன். சிகிச்சையாளர் அதை வாங்கி என் மகனிடம் கொடுத்தார். தன் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியை எடுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு கை தள்ளித் தரையில் குப்புறப் படுத்தார். அவன் சுற்றினால் அவரும் சுற்றினார். அவன் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். பேச்சே இல்லை. ஏழெட்டு முறைக்குப் பிறகு அவன் அவருடைய மூடியைப் பார்த்தான். அதன் ஓசை வேறு மாதிரி இருந்தது. அடுத்த முறை அவர் மூடியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு திருகாமல் காத்திருந்தார். அவன் மூடியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவர் திருகினார். அவன் சிரித்தான்.

மணி பார்த்தேன், உள்ளே வந்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "மூடியை ஒளித்து வைக்காதீர்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்."

இந்த இழையைத் தொடங்குவதற்குக் காரணம் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன வெறும் பதில்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தப் பொருளை எடுத்தது, அதை என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அறிவுரையைவிட நீங்கள் கண்ணால் கண்டதைத்தான் அதிகம் கேட்க விரும்புகிறேன்.

~

தெம்பனிஸ் பாட்டி எழுதியது:

மகளே, நீ எழுதியதை என் பெண் வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்கிறாள்.

எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு ஐந்து படி கொலு வைப்பது வழக்கம். பேரனுக்கு அப்போது மூன்றரை வயது. பொம்மைகளைத் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் கீழ் இரண்டு படியும் மாறிப்போயிருந்தன. தசாவதாரம் கலைந்திருந்தது. செட்டியார் ஓரிடத்தில், செட்டிச்சி ஓரிடத்தில். கோபத்தோடு அடுக்கப் போனவள் கையை நிறுத்திவிட்டேன். உயரத்தின்படி வைத்திருந்தான். சுண்டுவிரல் உயரத்துப் பறவையிலிருந்து தொடங்கி, ஒரு நெல்லளவு வித்தியாசம்கூடத் தவறாமல், ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போனது வரிசை. எல்லாப் பொம்மைகளும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

அன்று மாலை வெற்றிலை பாக்கு வாங்க வந்தவர்களில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டாம். என் பெண் அடுக்களையில் போய்ச் சுண்டல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வருடம் அவனுக்கென்று தனியாக ஒரு தாழ்வான படி போட்டேன். உடைந்தாலும் பரவாயில்லை என்ற பொம்மைகளை அதில் வைத்தேன். அவற்றில் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினான், தலை ஆடியது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு மற்ற பொம்மைகளின் தலையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான், எது ஆடுகிறது என்று. ஒன்றும் ஆடவில்லை. திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் விரலைத் தலையாட்டிப் பொம்மையின் மேல் வைத்தான். பாட்டியைக் கூப்பிட்டு விளையாடுகிறான் என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகுதான் என் பெண் சொன்னாள், அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் ஒரு கருவி மாதிரி எடுத்துப் பயன்படுத்துவதை மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொள்வார்கள் என்று. இருக்கட்டும். வீட்டில் அன்று நான்கு பேர் இருந்தோம். அவன் என் கையைத்தான் தேடி வந்தான்.

~

செயல்வழிச் சிகிச்சையாளர், ஜூரோங் எழுதியது:

பதினான்கு ஆண்டுகளாகச் சிறு பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். உட்லண்ட்ஸ் சகோதரி சொன்ன மூடியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சாலி ஓசனாஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 12 மாதக் குழந்தைகள் 66 பேருக்குச் சில பொருள்களைக் கொடுத்தார்கள். ஒரு கிலுகிலுப்பை, ஒரு பிளாஸ்டிக் வளையம், ஒரு பால்புட்டி, ஓர் உலோக மூடி. ஆம், மூடியேதான். அவர்களில் ஒன்பது பேருக்குப் பின்னாளில் மதியிறுக்கம் என்று தெரியவந்தது. பழைய காணொளிகளைப் பார்த்தபோது, அந்த ஒன்பது பேரும் சேர்ந்த குழுவில் சுற்றுவதும் திருப்புவதும், பொருளைக் கண்ணருகே வைத்தோ ஓரக்கண்ணாலோ நெடுநேரம் உற்றுப் பார்ப்பதும் அதிகமாக இருந்தன. வாயில் வைப்பது, ஆட்டுவது, தட்டுவது ஆகியவற்றில் அப்படி வேறுபாடு இல்லை. பேச்சு வரவேண்டிய வயதுக்கு முன்பே, கை பொருளைத் தொடும் விதத்தில் சில செய்திகள் இருக்கின்றன என்பதால்தான் நாங்கள் விளையாட்டைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்கிறோம்.

பொதுவாகப் பிள்ளைகளின் விளையாட்டு ஒரு வரிசையில் வளரும். ஆறேழு மாதத்தில் எதையும் வாயில் வைப்பார்கள், தட்டுவார்கள். ஒரு வயதை ஒட்டி ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்ப்பார்கள், டப்பாவுக்கு மூடி போடுவார்கள். சீப்பை எடுத்தால் தலைக்குக் கொண்டுபோவார்கள். ஒன்றரை வயதில் பொம்மைக்குச் சோறு ஊட்டுவார்கள். இரண்டு வயதுவாக்கில் வாழைப்பழம் தொலைபேசியாகிவிடும். இந்தக் கடைசி இரண்டும், அதாவது பாவனை விளையாட்டு, மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தாமதமாக வரும் அல்லது மிகக் குறைவாக இருக்கும். ஆனால் தானாகச் செய்யாத பிள்ளையே, நாம் கொஞ்சம் தொடங்கி வைத்தால் செய்துவிடுவதைப் பல ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன, என் வேலையிலும் வாரந்தோறும் பார்க்கிறேன். இல்லை என்று நினைத்த திறன் பல சமயம் அழைப்புக்காகக் காத்திருக்கிறது. கோனி கசாரி என்ற ஆய்வாளர் உருவாக்கிய ஜாஸ்பர் முறை இதை மையமாக வைத்தது. குழந்தை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேயே போய் உட்கார்ந்து, பார்வையைப் பகிர்ந்துகொள்ளச் செய்து, அங்கிருந்து ஒரு படி மேலே அழைப்பது.

வீட்டில் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் செய்வதைச் செய்யுங்கள். பல முறை செய்தபின் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மூடியைச் சுற்றுகிறான் என்றால் அதன்மேல் ஓர் உளுந்தம்பருப்பை வைத்துச் சுற்றுங்கள், பறந்து போகும். பிறகு காத்திருங்கள். பெற்றோருக்கு மிகக் கடினமானது இந்தக் காத்திருப்புத்தான். மூன்று நொடியில் பேசிவிடுகிறார்கள். பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள்.

பட்டன் பேட்டரி, சிறு காந்த உருண்டை ஆகியவற்றில் மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம். மூன்று நான்கு வயதிலும் எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். விழுங்கிவிட்டால் குடலையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடும். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

~

ஈசூன் அப்பா எழுதியது:

எல்லோரும் மதியிறுக்கத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் மகளுக்கு டவுன் சின்ட்ரோம், பிறவியிலேயே வரும் குரோமோசோம் மாற்றம். அவள் எதையும் சுற்றவில்லை, அடுக்கவில்லை. வீசினாள்.

கரண்டி, செருப்பு, என் கண்ணாடி, அம்மாவின் கைப்பேசி. மூன்று வயதுவரை கையில் கிடைத்த எதற்கும் ஒரே முடிவு. நாங்கள் பதினோராம் மாடியில் இருக்கிறோம். உயரத்திலிருந்து பொருள் விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கே ஆபத்து, இங்கே அது குற்றமும்கூட. சன்னல் கம்பிகளுக்கு மேல் வலை அடித்தோம். அண்டை வீட்டு மலாய்க்கார அக்கா, தாழ்வாரத்தில் விழுந்த பொருள்களை ஒவ்வொரு மாலையும் ஒரு பையில் போட்டு எங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

திட்டினோம். கையைப் பிடித்தோம். அவள் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள். இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருநாள் அவள் முன்னால் வடிவம் பொருத்தும் பலகையை வைத்துவிட்டு என்னைச் சும்மா பார்க்கச் சொன்னார். முக்கோணத்தை எடுத்தாள். ஓட்டையருகே கொண்டுபோனாள். விரல்கள் வழுக்கின. மறுபடியும் முயன்றாள், வழுக்கின. மூன்றாவது முறை பலகையையே தூக்கி எறிந்தாள். நான் அதுவரை பார்த்ததெல்லாம் மூன்றாவது முறையைத்தான். முதல் இரண்டும் என் கண்ணில் பட்டதே இல்லை. தசைகளில் இறுக்கம் குறைவு, மூட்டுகள் தளர்வு, விரல்கள் குட்டை. பொருத்துவதற்கு அவளுக்கு எவ்வளவு பாடு என்று அன்று புரிந்தது. வீசுவதற்கு விரல் நுணுக்கம் வேண்டாம். தோளைச் சுழற்றினால் போதும், பெரிய சத்தம் வரும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெரிய அலுமினியக் குண்டான் ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்தோம். வீசு, ஆனால் இதற்குள் வீசு. பிடிப்பதற்கு வசதியாக மரத்துண்டுகளில் தடித்த குமிழ் பொருத்தினேன். ஒரு மாதத்தில் வீசுவது போடுவதாக மாறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிலுகிலுப்பை, மணி எதற்கும் அவள் திரும்பாததை நாங்கள் மந்தம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம். காதுக்குள் நீர் கட்டியிருந்தது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருகிறது. செவிப்பறையில் சிறு குழாய் வைத்த பிறகு, பூசைமணியை எடுத்து ஒரு முழு நாள் கீழே வைக்கவில்லை. விளையாட்டைப் பார்த்து ஒரு முடிவுக்கு வரும் முன் காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. சொப்புச் சாமான் விரித்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் தேநீர் வரும். ஆற்றித் தருவாள், என் அம்மா இழுத்து ஆற்றுகிற அதே கை உயரத்தில். குடித்துவிட்டுச் சர்க்கரை போதவில்லை என்று சொன்னால் மறுபடியும் எடுத்துக்கொண்டு போவாள். மெதுவாக வந்தாள், ஆனால் ஜூரோங் சிகிச்சையாளர் மேலே சொன்ன அதே படிகளில்தான் வந்தாள்.

~

செங்காங்கிலிருந்து ஓர் இளம் தாய் எழுதியது:

என் மகனுக்கு 19 மாதம். நேற்று கார்களை வரிசையாக அடுக்கினான். ஒன்பது கார். ஒன்றை நான் நகர்த்தியதும் கத்தினான். இரவு முழுவதும் இணையத்தில் தேடினேன். தூங்கவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

~

பாலர்பள்ளி ஆசிரியை, தோ பாயோ எழுதியது:

தங்கையே, வரிசையாக அடுக்குவது மட்டும் எதையும் முடிவு செய்துவிடாது. என் வகுப்பில் அடுக்காத பிள்ளையே கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இரண்டு சிறுவர்கள் ஒரே நேரத்தில் இருந்தார்கள். ஒருவன் வாசலில் எல்லோருடைய காலணிகளையும் சுவரோரம் அடுக்குவான். ஒன்றைத் தொட்டால் வீறிட்டு அழுவான். மற்றவன் பஸ்களை அடுக்குவான், இன்னொரு பஸ்ஸைக் கொடுத்தால் சாந்தமாக வாங்கி வைத்துக்கொள்வான். முதல் சிறுவனைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன். ஆனால் அவன் ஒழுங்கைப் பிடித்துக்கொண்ட பிடிவாதக்காரன் மட்டுமே, ஆறு மாதத்தில் அடுக்குவதை விட்டுவிட்டுக் காலணிக் கடைக்காரனாகி எங்களுக்கெல்லாம் விலை சொன்னான். சாந்தமாக இருந்த இரண்டாமவன் எதையும் யாரிடமும் காட்டியதில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. பஸ்ஸைச் சுட்டிக்காட்டியதில்லை, "பார்" என்று தூக்கிப் பிடித்ததில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பியதில்லை. அமைதியான பிள்ளை என்று நானும் அவனை விட்டுவிட்டேன். அது என் தவறு, இன்றும் வலிக்கிறது.

ஆகவே அடுக்குகிறானா என்பதோடு நிற்காமல் மற்றவற்றையும் பாருங்கள். விருப்பமானதைக் கைகாட்டுகிறானா, கொண்டுவந்து காட்டுகிறானா, நீங்கள் சிரித்தால் சிரிக்கிறானா, ஒரு வெற்றுக் கோப்பையை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் செய்கிறானா? 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கான 20 கேள்விப் படிவம் ஒன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதிலும் இவை போன்ற கேள்விகள்தான். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் 18-வது மாதப் பரிசோதனைப் பக்கத்தை நிரப்பினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அவர்கள் தேவை என்று கருதினால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள். ஆறு வயதுவரையான பிள்ளைகளுக்கு 'எய்பிக்' என்ற ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் இருக்கிறது. காத்திருக்கும் மாதங்களில் கைப்பேசியில் இரண்டு நிமிடக் காணொளிகள் எடுத்து வையுங்கள். மருத்துவர் அறையில் பிள்ளை வீட்டில் செய்வதைச் செய்யமாட்டான்.

இன்று இரவு தூங்குங்கள். நாளை காலை ஒன்பது கார்களுக்குப் பக்கத்தில் பத்தாவதாக ஒன்றை நீங்கள் வையுங்கள். என்ன செய்கிறான் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

~

புக்கிட் பாத்தோக் அம்மா எழுதியது:

என் மகளைப் பற்றிக் கொஞ்சம்தான் எழுத முடியும்.

ஒரு வயதில் அவள் கட்டைகளை எடுப்பாள், கரண்டியைப் பிடிப்பாள். ஒன்றரை வயதுக்குப் பிறகு அவை ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. கைகள் இரண்டும் நெஞ்சருகே சேர்ந்து, துணி பிழிவதுபோல் ஓயாமல் ஒன்றையொன்று பிசைந்தன. ரெட் சின்ட்ரோம். பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வருவது. முதல் சில மாதங்கள் இயல்பாக வளர்ந்து, கற்ற கைவேலையையும் பேச்சையும் இழக்கச் செய்வது. இதில் பொருளோடு விளையாட ஆசை போவதில்லை, கை கேட்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பொம்மைமேல் நாட்டமில்லை என்று எழுதிவிடுவார்கள். எங்களுக்கும் ஓரிடத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் கண்ணால் விளையாடுகிறாள். கண் அசைவைப் படிக்கும் திரை ஒன்று இருக்கிறது. பலூனைப் பார்த்தால் பலூன் வெடிக்கும். முதல் பலூன் வெடித்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் ஓடுகிறேன். பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் விளையாட்டுத்திடலில் சக்கர நாற்காலியோடே ஏறிச் சுற்றக்கூடிய ராட்டினம் இருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன் போனால் வெயிலும் கூட்டமும் இருக்காது. யாருக்காவது பயன்படட்டும்.

~

இருபத்தாறு வயது இளைஞன் எழுதியது:

நான் பெற்றோர் இல்லை. எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்கு நான்கு வயதில் மதியிறுக்கம் என்று சொன்னார்கள். இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

நான் சக்கரம் சுற்றியவன். எங்கள் வீட்டில் எப்போதும் விருந்தாளிகள். ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசுவார்கள், தொலைக்காட்சி ஓடும், குக்கர் கூவும். எது அடுத்து வரும் என்று எனக்குத் தெரியாது. சக்கரத்தைச் சுற்றினால் என்ன வரும் என்று தெரியும். அதனால் சுற்றினேன். அதோடு, சுற்றும்போது ஆரங்கள் மறைந்து ஒரு மெல்லிய வட்டம் தோன்றும், வேகம் குறையும்போது பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். அது மிக அழகாக இருந்தது. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பொம்மைக்கு ஊசி போடவும் எனக்குப் பழக்கினார்கள். தினமும் பத்து முறை. செய்தேன். பொம்மைக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தோன்றவே இல்லை, செய்தால் பிஸ்கட் கிடைக்கும் என்று தெரியும். தாள்களில் பாவனை விளையாட்டு வந்துவிட்டது என்று குறித்துக்கொண்டார்கள். என் பெற்றோர் மகிழ்ந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. ஆனால் ஈசூன் ஐயாவின் மகள் தேநீர் ஆற்றுவதைப் படித்தபோது இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிந்தது.

லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் மதியிறுக்கம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதில் முதல் பிள்ளை டொனால்ட், கட்டைகளையும் சட்டிகளையும் தரையில் சுற்றவிட்டவர். அவர் பின்னாளில் தன் ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல நாடுகளுக்குத் தனியாகப் போய் வந்தார், 2023-இல் தம் 89-வது வயதில் காலமானார். உட்லண்ட்ஸ் அக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

~

உட்லண்ட்ஸ் அம்மா எழுதியது:

தம்பி, எழுதியதற்கு நன்றி. உன் பதிவை என் கணவரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூடியில் என்ன தெரிகிறது என்று மகனிடம் இன்று கேட்டேன். "விளக்கு உடைகிறது" என்றான். கூரை விளக்கின் பிம்பத்தைச் சொல்கிறான் என்று நானும் தரையில் தலை வைத்துப் பார்த்த பிறகே விளங்கியது. ஐந்து வருடமாக அவன் பார்த்துக்கொண்டிருந்தது அது.

பாட்டி, உங்கள் தாழ்வான படியைப் படித்ததும் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. மையத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து, அவனுக்கு நான்கரை வயது. பழம் நறுக்குவது, பொம்மைக்கு ஊட்டுவது எல்லாம் நாங்கள் தொடங்கி வைத்தால் செய்வான், எழுந்து போனால் நின்றுவிடும். தானாக ஒன்றும் வரவில்லையே என்று நான் சோர்ந்திருந்த நாள்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நான் விளக்கேற்றிச் சூடம் காட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். தட்டு ஆறட்டும் என்று மேசைமேல் வைத்திருந்தேன்.

மணிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சோபாவின்மேல் அவனுடைய 913 பொம்மை பஸ்ஸை ஏற்றி வைத்திருந்தான். நாங்கள் மையத்துக்குப் போகும் பஸ் அது. இடக்கையில் மணி. வலக்கையில் அணைந்த கற்பூரத் தட்டு. பஸ்ஸுக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றினான், என் கை போகும் அதே திசையில். தட்டிலிருந்த திருநீற்றைத் தொட்டு பஸ்ஸின் முன்கண்ணாடியில் மூன்று விரலால் பூசினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிஸ்கட் இல்லை.

நான் வாசலிலேயே நின்றேன். பத்து வரை எண்ணச் சொல்வார்கள் அல்லவா, எண்ணினேன். அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். தட்டை என்னிடம் நீட்டினான். நெருப்பு இல்லாத தட்டுக்குமேல் கைகளை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்கும் நெற்றியில் பூசிவிட்டான்.

அதன் பிறகு தட்டிலிருந்த மிச்சத் திருநீற்றைச் சோபாவில் கொட்டிவிட்டு, தட்டைத் தரையில் விளிம்பில் நிறுத்திச் சுற்றவிட்டான். நானும் அவன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.